பளார் என்று அறைந்தால் நூடுல்ஸ்!

நூடுல்ஸ் என்றதும் நமக்கு இரண்டு நிமிஷ பாக்கெட்தான் ஞாபகம் வரும். சீனாவின் ஷியான் நகரத்தில் ஒரு சின்னக் கடையில் நான் பார்த்த நூடுல்ஸோ, நம் இடுப்பு பெல்ட் அகலம்!

சீனாக்காரர்கள் எல்லோருக்கும் அரிசிதான் சாப்பாடு என்று நினைக்கிறோம் இல்லையா? தெற்கேதான் அரிசி. வடக்கே கோதுமை ராஜ்யம். காஞ்சிபுரம் வரை வந்து போன யுவான் சுவாங் யாத்திரை கிளம்பிய பழைய சாங்கான் நகரம்தான் இன்றைய ஷியான்.

என் மகள் அங்கே டாக்டருக்குப் படிக்கிறாள். போனில் எப்போது கேட்டாலும், "சாப்பிட்டேம்மா" என்பாள். போட்டோவில் பார்த்தால் கழுத்தெலும்பு தெரியும்! சைவமாக வளர்ந்த பெண். மனசு கேட்கவில்லை, பதினைந்து நாள் அவளோடு இருந்து வரக் கிளம்பிவிட்டேன். போனதும் முதல் வேலையாக, "தினமும் எங்கேடி சாப்பிடறே? அங்கே கூட்டிட்டுப் போ" என்றேன்.

கடையில் அலங்காரம் என்று எதுவும் கிடையாது. ஆறு மேஜை, பிளாஸ்டிக் ஸ்டூல்கள், வினிகர் பாட்டில், ஒரு கிண்ணம் உரிக்காத பூண்டு. அவ்வளவுதான். பெயர்ப் பலகையில் மட்டும் கோலம் மாதிரி ஓர் எழுத்து. "பியாங்" என்று படிக்க வேண்டுமாம். அந்த ஒரே எழுத்துக்கு ஐம்பதுக்கு மேல் கோடுகள்! மாவைப் பலகையில் அறையும் சத்தம்தான் இந்த நூடுல்ஸுக்குப் பெயராயிற்று என்கிறார்கள்.

அடுப்படி கண்ணெதிரேயே இருந்தது. என் வயசுள்ள ஓர் அம்மாள் ஊறிய மாவை இரண்டு கையாலும் இழுத்துப் பளார் பளார் என்று அறைந்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். இறைச்சி வேண்டாம் என்று மகள் சொன்னதும் வெந்த கீரை, முளைவிட்ட பயறு சேர்த்தாள். மேலே மிளகாய்த் தூள், பூண்டு, வெங்காயத்தாள் வைத்துப் புகையும் எண்ணெயை ஊற்றினாளே பார்க்கணும்... 'சொய்ங்!' நம் வீட்டுத் தாளிப்புச் சத்தமேதான்! சாப்பிட்டு முடித்ததும் நூடுல்ஸ் வெந்த நீரைக் கிண்ணத்தில் தந்தாள். ஜீரணத்துக்கு நல்லதாம். நம் வடிகஞ்சி போலத்தான்.

நடுவே அந்த அம்மாள் மகளைப் பார்த்து ஏதோ கடிந்து பேசினாள். "என்னடி சொல்றாங்க?" என்றேன். மகள் அசடு வழிந்தாள். "பரீட்சை வாரம் முழுக்க நான் இங்கே வரலையாம்... பிஸ்கெட்டாலேயே ஓட்டிட்டேம்மா!" விஷயம் வெளியே வந்துவிட்டது! சாப்பாடு கிடைக்காத குறை இல்லை. நேரத்துக்குச் சாப்பிடாத குறை. பரீட்சை நாளிலும் ஒரு வேளையாவது இங்கே வந்து சாப்பிடணும் என்று அந்த அம்மாள் எதிரிலேயே சொல்ல வைத்தேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

வீட்டில் செய்ய (மூன்று பேருக்கு)

மைதா 300 கிராம், உப்பு அரை டீஸ்பூன், தண்ணீர் சுமார் 150 மி.லி. கெட்டியாகப் பிசைந்து அரைமணி மூடி வையுங்கள். மறுபடி பிசைந்து, ஆறு உருண்டையாக்கி, எண்ணெய் தடவி இன்னும் ஒரு மணி ஊற விடுங்கள். ஊறாத மாவு இழுத்தால் அறுந்துவிடும்! பிறகு ஒவ்வொன்றையும் நீள்பட்டையாகத் தேய்த்து, நடுவில் ஒரு குச்சியால் நீளவாட்டில் அழுத்திக் கோடு போட்டு, இரு முனையையும் பிடித்து மெல்ல இழுத்துப் பலகையில் அறையுங்கள். கோட்டோடு கிழித்தால் பெரிய வளையமாகும். கொதிக்கும் நீரில் இரண்டு, மூன்று நிமிஷம் போதும். மேலே மிளகாய்த் தூள், பொடியாக நறுக்கிய பூண்டு, வெங்காயத்தாள் வைத்து, நன்கு காய்ந்த எண்ணெய் மூன்று டேபிள்ஸ்பூன் ஊற்றுங்கள். கொஞ்சம் சோயா சாஸ், வினிகர் விட்டுக் கலந்து சாப்பிடலாம்.

மைதாவில் நார்ச்சத்து குறைவு. அதனால் கீரையும் முளைப்பயறும் தாராளமாகச் சேருங்கள். சோயா சாஸில் உப்பு அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சில சொட்டு போதும். சின்னக் குழந்தைகளுக்கு மிளகாயும் சாஸும் சேர்க்காமல், குழைய வேகவைத்து, தொண்டையில் சிக்காதபடி பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுங்கள். பள்ளிக்கூடம் போகிற வாண்டுகளிடம் ஓர் உருண்டை மாவைக் கொடுத்து அறையச் சொல்லிப் பாருங்கள். தானே அறைந்த நூடுல்ஸை எந்தக் குழந்தைதான் வேண்டாம் என்று சொல்லும்?