சுரங்கத் தொழிலாளரின் காற்பந்து



ஐரோப்பாவின் தென்கிழக்கே, பால்கன் மலைப்பகுதியில், கொசோவோ என்று ஒரு சிறு நாடு இருக்கிறது. பரப்பளவில் நம் கெடா மாநிலத்தைவிடச் சற்றே பெரியது. மக்கள் தொகை சுமார் 16 லட்சம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அல்பேனிய மொழி பேசுகிறவர்கள், செர்பியர் சிறுபான்மையினர். 2008ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்டது. அதே ஆண்டில் மலேசியா அதனை அங்கீகரித்தது. செர்பியா அங்கீகரிக்கவில்லை.

இங்கிலாந்தும் இத்தாலியும் இருக்க, இந்தச் சிறிய நாட்டின் காற்பந்துக் கழகங்களைப் பற்றி என்ன பேச இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, நேயர்களே. 1991 முதல் 2016 வரை, 25 ஆண்டுகள், அங்கே முதல்தரப் போட்டி நடந்தது, வெற்றியாளரும் இருந்தார்கள். ஆனால் அந்த ஆட்டங்கள் எதுவும் உலகக் காற்பந்தின் கணக்கில் ஏறவில்லை. அது எப்படி நேர்ந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

கதை மித்ரோவித்சா என்னும் ஊரில் தொடங்குகிறது. அந்த ஊருக்கு அருகே ட்ரெப்சா என்னும் பெரிய சுரங்கம் உண்டு. ஈயமும் துத்தநாகமும் அங்கே கிடைக்கின்றன. நம் ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றைப் போலவே, தொடக்கத்தில் அதை நடத்தியதும் லண்டனில் பதிவான ஒரு கம்பெனிதான். அது 1927இல் அமைக்கப்பட்டது. 1932இல் சுரங்கத்தின் பெயரிலேயே ஒரு காற்பந்துக் கழகம் தோன்றியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுரங்கம் யூகோஸ்லாவிய அரசின் கைக்கு வந்தது. கொசோவோவும் அந்தக் கூட்டரசின் ஒரு பகுதியாக, செர்பியாவுக்குள் தன்னாட்சி மாகாணமாக இருந்தது.

அக்காலத்தில் யூகோஸ்லாவியாவின் முதல் பிரிவு ஐரோப்பாவின் தரமான போட்டிகளில் ஒன்று. பெல்கிரேட், ஸாக்ரெப் நகரங்களின் பணபலமுள்ள கழகங்கள் அதில் ஆடின. 1977இல் சுரங்கக்காரர்களின் ட்ரெப்சா அந்தப் பிரிவுக்கு உயர்ந்தது. ஒரே பருவந்தான் அங்கே நிற்க முடிந்தது. ஆனாலும் அந்தப் பருவத்திலேயே நாட்டின் கிண்ணப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார்கள்! 1978இல் பெல்கிரேடில் நடந்த அந்த ஆட்டத்தில், கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலில் ரியெக்கா குழுவிடம் தோற்றார்கள். பிறகு 1983இல், தலைநகரின் கழகமான ப்ரிஷ்டினா முதல் பிரிவில் நுழைந்து 1988 வரை நிலைத்தது. ஃபாடில் வோக்ரி என்னும் முன்வரிசை ஆட்டக்காரரின் பெயர் யூகோஸ்லாவியா முழுவதும் பரவியது அப்போதுதான். அல்பேனியரும் செர்பியரும் ஒரே சட்டை அணிந்து ஆடிய காலம் அது.

அந்தக் காலம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1989 பிப்ரவரியில், மாகாணத்தின் தன்னாட்சியைப் பறிக்கக்கூடாது என்று கோரி, ட்ரெப்சாவின் தொழிலாளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சுரங்கத்தின் அடியிலேயே தங்கி எட்டு நாள் போராடினார்கள். தன்னாட்சி பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அல்பேனியத் தொழிலாளர்கள் அரசு நிறுவனங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக நீக்கப்பட்டார்கள். வேலை போனது மட்டுமா? திடலும் போயிற்று.

1991இல் அல்பேனிய ஆட்டக்காரர்கள் யூகோஸ்லாவியப் போட்டிகளை விட்டு வெளியேறி, சொந்தமாக ஒரு சங்கத்தையும் முதல்தரப் போட்டியையும் தொடங்கினார்கள். நகரத்து நல்ல திடல்கள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஊர்ப்புறத்து மேடுபள்ளமான நிலங்களில் கோடு போட்டு ஆடினார்கள். மக்கள் சுற்றிலும் இருந்த மேட்டில் நின்று பார்த்தார்கள். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் ஓடையில் இறங்கிச் சேற்றைக் கழுவிக்கொள்வதும் உண்டு. போலீசார் வந்து ஆட்டத்தைக் கலைத்ததும், ஆட்களைப் பிடித்துப்போனதும் உண்டு. அடுத்த வாரம் வேறிடத்தில் மீண்டும் ஆட்டம் நடக்கும்.

இங்கே ஒரு செய்தியை விளக்கவேண்டும். ஒரு கழகம் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அது தனித்து நிற்க முடியாது. நம் நாட்டில் கழகங்களுக்கு மேலே மலேசியக் காற்பந்துச் சங்கம், அதற்கு மேலே ஆசியச் சம்மேளனம், எல்லாவற்றுக்கும் மேலே ஃபீஃபா என்று ஒரு சங்கிலி இருக்கிறது அல்லவா? ஐரோப்பாவில் ஆசியச் சம்மேளனத்தின் இடத்தில் இருப்பது யூஏஃபா. இந்தச் சங்கிலியில் சேராத நாட்டின் கழகம், சேர்ந்த நாட்டின் கழகத்தோடு முறையாக மோத முடியாது. ஐரோப்பியக் கிண்ணங்களில் இடமில்லை. ஆட்டக்காரரை வெளிநாட்டுக்கு மாற்றிக்கொடுத்து உரிய பணம் பெறுவதற்கும் வழியில்லை. உள்ளூரில் வளர்ந்த திறமைசாலிகள் கையை வீசிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். வளர்த்த கழகத்துக்கு ஒரு காசும் வராது. சிறிய கழகங்களை வாட்டிய பெரிய துன்பம் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

1998, 1999ஆம் ஆண்டுகளில் போர் மூண்டது. அது ஓய்ந்தபோது மித்ரோவித்சா நகரம் இபார் ஆற்றால் இரண்டாகப் பிரிந்து நின்றது. தென்கரையில் அல்பேனியர், வடகரையில் செர்பியர். காற்பந்துக் கழகமும் இரண்டாயிற்று. இரு கரையிலும் ட்ரெப்சா என்ற பெயரில் ஒரு குழு. 1932ஆம் ஆண்டுப் பழம்பெருமை தமக்கே உரியது என்று இரண்டும் சொல்லிக்கொண்டன. தென்கரைக் கழகம் கொசோவோப் போட்டியிலும், வடகரைக் கழகம் செர்பியாவின் கீழ்ப்பிரிவுகளிலும் ஆடின.

வோக்ரி 2008இல் கொசோவோக் காற்பந்துச் சங்கத்தின் தலைவரானார். பழைய ஆட்டக்காரர் என்ற பெயரை வைத்துக்கொண்டு, கதவு கதவாகத் தட்டினார் என்றே சொல்லலாம். முதற்பலன் 2014 மார்ச்சில் கிடைத்தது. ஹைத்தி நாட்டோடு ஒரு நட்பு ஆட்டம் நடத்த ஃபீஃபா இசைந்தது. கொடியும் கூடாது, தேசியகீதமும் கூடாது என்பது நிபந்தனை. அந்த ஆட்டம் நடந்த இடம் மித்ரோவித்சா! கோல் ஏதும் விழவில்லை. 2016 மே 3ஆம் நாள் யூஏஃபாவில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 28, எதிர்ப்பு 24. நான்கே வாக்கு வித்தியாசம். பத்து நாளில் ஃபீஃபாவும் சேர்த்துக்கொண்டது.

2017இல் ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தின் தகுதிச் சுற்றில் முதன்முதலாகக் கால்வைத்த கொசோவோக் கழகம் எது தெரியுமா? ட்ரெப்சா 89. இது முன்சொன்ன ட்ரெப்சா கழகத்துக்கு வேறானது. ஆனால் இதுவும் அதே சுரங்க வட்டாரத்துக் கழகம். 89 என்பது சுரங்கத்தின் அடியில் போராடிய அந்த ஆண்டு. ஃபாரோ தீவுகளின் கழகத்திடம் தோற்று, முதல் சுற்றோடு திரும்பினார்கள். அடுத்த ஆண்டு ஜிலான் நகரின் டிரித்தா கழகம், அண்டோராவின் சாந்தா கொலோமாவை 2-0 என்று வென்றது. கொசோவோக் கழகம் ஒன்று ஐரோப்பியப் போட்டியில் பெற்ற முதல் வெற்றி அது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், 2018 ஜூன் 9இல், வோக்ரி தம் 57ஆம் வயதில் காலமானார். ப்ரிஷ்டினாவின் விளையாட்டரங்குக்கு இப்போது அவர் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

நாட்டின் முதல்தரப் போட்டிக்கு சூப்பர்லீகா என்று பெயர். அண்மைப் பருவங்களில் அதில் பத்துக் கழகங்கள் ஆடுகின்றன. ஒவ்வொன்றும் மற்ற ஒன்பதோடும் நான்கு முறை மோதும். ஆக 36 ஆட்டம். பனிக்காலத்தில் இடைவேளை விடுவார்கள். நுழைவுச்சீட்டு விற்று வரும் பணத்தைக் கொண்டு மட்டும் இப்படிப்பட்ட கழகங்கள் பிழைக்க முடியாது. ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் ஆடினால் யூஏஃபா தரும் தொகைதான் பெரிய வரவு. ஆகையால் அங்கே முதலிடத்துக்கான போட்டி, மறு ஆண்டின் சம்பளத்துக்கான போட்டியாகவும் இருக்கிறது.

சுவா ரேகா என்னும் சிறு நகரின் பல்கானி கழகம் 2022இல் ஐரோப்பிய மாநாட்டுக் கிண்ணத்தின் குழுச் சுற்றை எட்டியது. அந்த நிலைக்கு வந்த முதல் கொசோவோக் கழகம் அதுவே. துருக்கியின் சிவாஸ்போரை அதன் சொந்தத் திடலிலேயே 4-3 என்று வென்றது. தம் ஊர்த் திடல் யூஏஃபாவின் அளவுகோலுக்குப் போதாததால், தாயக ஆட்டங்களை ப்ரிஷ்டினாவில், வோக்ரி அரங்கில் ஆடினார்கள். 2023 செப்டம்பரில் அங்கே வந்து, 2-0 என்று தோற்றுத் திரும்பிய குழு டினாமோ ஸாக்ரெப். பழைய யூகோஸ்லாவிய முதல் பிரிவில் ட்ரெப்சாவும் ப்ரிஷ்டினாவும் எதிர்த்தாடிய அதே கழகம்.