மெடிக்கல் ஷாப்பில் பில் கேட்டு வாங்குங்கள்

சளி, காய்ச்சல், உடம்பு வலி என்று வந்துவிட்டால் நம் ஊர்களில் பலர் முதலில் போய் நிற்கும் இடம் தெருமுனை மெடிக்கல் ஷாப்தான். “காய்ச்சலும் உடம்பு வலியுமா இருக்குண்ணே, ரெண்டு வேளைக்குக் குடுங்க” என்றால் போதும். கடைக்காரர் நாலைந்து அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலிருந்தும் கத்தரிக்கோலால் ஒன்றிரண்டை நறுக்கி, சில கடைகளில் டப்பாவிலிருந்து உதிரி மாத்திரைகளையும் எண்ணிச் சேர்த்து, சின்னக் காகித உறையில் மடித்துத் தருவார். இதற்கு ‘செட் மாத்திரை’ என்று பெயர். உறையின் மேல் மருந்தின் பெயர் இருக்காது, பில்லும் இருக்காது. பெரும்பாலும் காய்ச்சல் இறங்கிவிடும், உறை குப்பைக்குப் போய்விடும். ஒருவருக்கு மட்டும் இரவில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுக்கும். அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பணியில் இருக்கும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?” என்பது. “வெள்ளையா ஒண்ணு, மஞ்சளா சின்னதா ஒண்ணு, ஒரு கேப்சூல்” என்பதற்கு மேல் யாருக்கும் பதில் தெரியாது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பது அன்றைக்கும் தெரியாது, அடுத்த முறை அதைத் தவிர்க்கவும் முடியாது. இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

மருத்துவரைப் பார்க்காமல் மாத்திரை வாங்காதீர்கள் என்று அரசு விளம்பரங்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன. கேட்டவர்கள் குறைவு. தலைவலிக்கெல்லாம் டாக்டரிடம் ஓட முடியுமா என்று மக்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அதனால் இந்தக் கட்டுரை கேட்பது அதைவிட எளிய ஒன்று. பெயர் தெரியாத மாத்திரை எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. எந்தக் கடையில், எத்தனை ரூபாய்க்கு வாங்கினாலும் பில் வேண்டும். அட்டையில் உள்ள பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் உங்களிடம் பதிவாகியிருக்க வேண்டும். இவை இரண்டும் இருந்தால் தவறு நடந்தாலும் தடம் இருக்கும். இல்லையென்றால் மருத்துவராலும் உதவ முடியாது, சட்டத்தாலும் உதவ முடியாது.

அந்த உறைக்குள் வழக்கமாக என்ன இருக்கும் என்று பார்த்தால் கவலை புரியும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கொழுகலுக்குக் குளோர்பெனிரமின், வலிக்கு டைக்ளோஃபெனாக், வயிறு எரியாமல் இருக்க ஒரு மாத்திரை. சில கடைகளில் இவற்றோடு ஒரு ஆன்டிபயாடிக்கும், டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேரும். பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டக்கூடாது. ஆனால் பல சளி மாத்திரைகளுக்குள்ளும் அதுவே இருப்பதால், செட்டையும் வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையையும் சேர்த்து விழுங்குகிறவருக்கு அளவு கூடுவதே தெரியாது. அதன் பாதிப்பு ஈரலுக்கு. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. பிரஷர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வந்திருப்பது டெங்குவாக இருந்தால் அதே வலி மாத்திரை ரத்தக்கசிவைத் தூண்டிவிடக்கூடும். குளோர்பெனிரமின் தூக்கத்தைக் கொண்டுவரும். அதைப் போட்டுக்கொண்டு டூ வீலரில் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது ஸ்டீராய்டு. ஒரே வேளையில் வலியையும் காய்ச்சலையும் அமுக்கிவிடுவதால் ‘அந்தக் கடை மாத்திரை நல்லாக் கேட்கும்’ என்று பெயர் வாங்கிவிடும். உள்ளே இருக்கும் கிருமியை அது கொல்வதில்லை. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். எந்தக் கடையின் செட் எல்லா நோவுக்கும் ஒரே வேளையில் கேட்கிறதோ, அந்தக் கடையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சட்டத்தில் குறை இல்லை. 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த 1945ஆம் ஆண்டு விதிகளின்படி, ‘அட்டவணை எச்’ பட்டியலில் உள்ள மருந்துகளைப் பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் சில்லறையாக விற்கக் கூடாது. டைக்ளோஃபெனாக், டெக்சாமெத்தசோன், அசித்ரோமைசின் எல்லாம் இந்த வகை. அட்டையில் ‘ஆர்எக்ஸ்’ குறி இருந்தால் சீட்டு வேண்டும் என்று பொருள். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள ‘எச்1’ பட்டியல் இன்னும் கண்டிப்பானது. செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகள், தூக்க மாத்திரைகள், டிரமடால் ஆகியவற்றை விற்கும்போது எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். மருந்தைக் கொடுக்க வேண்டியவரும் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் என்கிறது 1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டம். கடைச் சுவரில் மருந்தாளுநரின் சான்றிதழ் தொங்கும், மருந்தை வெட்டிக் கொடுப்பவர் பத்தாம் வகுப்பு முடித்த பையனாக இருப்பார். உரிமம் பெற்ற கடைகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்க வேண்டிய கடமை மருந்து ஆய்வாளருக்கு உண்டு. செட் மாத்திரை ஊரறிய விற்கும்போது அந்தச் சோதனைகளில் எதைத்தான் பார்க்கிறார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அதிகாரி வந்து திருத்தும் வரை காத்திருந்தால் நஷ்டம் நமக்குத்தான்.

ஆகவே பில். அதில் கடையின் பெயர், முகவரி, மருந்து உரிம எண், பில் எண், தேதி, மருந்தின் பெயர், எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். அட்டவணை எச் மருந்து என்றால் தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி, மருந்தாளுநரின் கையொப்பமும் வேண்டும். ‘மாத்திரை – ரூ.40’ என்று துண்டுச் சீட்டில் கிறுக்கித் தருவது பில் ஆகாது. அட்டையை வெட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டுமே அச்சாகியிருக்கும். கடைக்காரர் அந்த ஓரத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மறுமுனையிலிருந்து வெட்டித் தருவார். மீதியை விற்க அவருக்கு அது தேவை, அதில் தவறில்லை. உங்கள் கையில் வரும் துண்டில் பாதிப் பெயர்கூட இருக்காது என்பதுதான் சிக்கல். “ஒரு நிமிஷம் காட்டுங்க” என்று வாங்கி முழு அட்டையின் பின்பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். டப்பாவிலிருந்து எண்ணிப் போடும் உதிரி மாத்திரையை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அதற்குப் பேட்சும் இல்லை, காலாவதியும் இல்லை. அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் க்யூஆர் குறியீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதை ஸ்கேன் செய்தால் பேட்ச், காலாவதி, தயாரிப்பு உரிம எண் வரை தெரியும்.

பேட்ச் எண் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நடந்தது போதும். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்த ‘கோல்ட்ரிஃப்’ சிரப்பைத் தயாரித்தது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இயங்கிய ஸ்ரீசன் நிறுவனம். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் பரிசோதனையில் எஸ்ஆர்-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். தமிழ்நாட்டில் விற்பனை தடை செய்யப்பட்டது, நிறுவனத்தின் உரிமம் ரத்தானது. அந்தச் சிரப்பை மருத்துவரே எழுதிக் கொடுத்ததும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. சீட்டு இருந்தாலும் பில்லும் பேட்சும் வேண்டும் என்று வற்புறுத்துவது அதனால்தான். ஒரு பேட்சைத் திரும்பப் பெறுவதாக அறிவிப்பு வந்தால், அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்து லேபிளும் அழிந்த பாட்டிலை வைத்திருக்கும் வீட்டுக்கு அந்த அறிவிப்பால் ஒரு பயனும் இல்லை. குழந்தைகளின் சிரப் பாட்டிலை அட்டைப்பெட்டியோடு வையுங்கள். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குக் குளோர்பெனிரமினும் ஃபினைல்எஃப்ரினும் கலந்த சளி மருந்தைக் கொடுக்க வேண்டாம் என்று 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிவிட்டது. பெரியவன் குடித்து மீந்த பாட்டிலைச் சின்னவனுக்கு ஊற்றுவது இன்னும் நிற்கவில்லை.

பில் கேட்டால் விலை கூடும் என்ற பயம் பலருக்கு உண்டு. அட்டையில் அச்சான அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரியும் அடக்கம். பில் போட்டதற்காக ஒரு ரூபாய்கூடச் சேர்க்க முடியாது. அட்டையிலிருந்து வெட்டி வாங்கினாலும் விகிதப்படிதான் விலை: பத்து மாத்திரை 30 ரூபாய் என்றால் இரண்டு மாத்திரைக்கு 6 ரூபாய். 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை இதைத் தெளிவாகச் சொல்கிறது. கூடுதலாக வாங்கினால் தேசிய மருந்து விலை ஆணையத்தின் இலவச எண் 1800-111-255. தெரிந்த கடைக்காரர், பில் கேட்டால் தப்பாக நினைப்பார் என்பது இன்னொரு தயக்கம். நகைக்கடையில் பில் இல்லாமல் யாரும் வெளியே வருவதில்லை, அங்கே யாரும் தப்பாக நினைப்பதும் இல்லை. டாக்டரைப் பார்க்கப் பணமும் நேரமும் இல்லை என்பதுதான் உண்மையான தடை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பது எளிதல்ல. ஆனால் 104க்கு எந்த நேரத்தில் போன் செய்தாலும் மருத்துவ ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். நகரங்களில் உள்ள நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலையிலும் இயங்குகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தைப் போலவே அங்கும் மருந்து இலவசம். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினாலோ, மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி, ரத்தக்கசிவு எது இருந்தாலோ கடைக்குப் போகவே கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

பில் தர மறுத்தால் சண்டை போட வேண்டாம். பணத்தைப் போனில் அனுப்புங்கள்; கடையின் பெயர், நேரம், தொகை பதிவாகிவிடும். மருந்துக் கடையின் உரிமம் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. அந்த உரிம எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பில் தராததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. முதல் புகாரை 1915 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். உடல்நலம் கெட்டுச் செலவானது என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். வாங்கிய பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் பாதிப்பை நிரூபிப்பது கடினம். கேட்டு வாங்கி வைத்திருங்கள்.

மருந்தின் தரத்தில் சந்தேகம் என்றால் மீதியுள்ள மாத்திரைகளைத் தூக்கி எறியாதீர்கள். 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆவது பிரிவு, தான் வாங்கிய மருந்தைக் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமையைச் சாதாரண மனிதருக்கே கொடுத்திருக்கிறது. விண்ணப்பம் படிவம் 14-ஏ, அறிக்கை வருவது படிவம் 14-பி. இந்தப் பிரிவைப் பற்றி எந்த அலுவலகமும் மக்களிடம் சொல்வதில்லை. ஒத்துக்கொள்ளாமல் போன மருந்தைப் பற்றித் தெரிவிக்கத் தனி ஏற்பாடு இருக்கிறது: 1800-180-3024. அதற்கான நோயாளிப் படிவம் தமிழிலும் உண்டு. பல மருத்துவக் கல்லூரிகளில் இதற்கென்று மையம் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் பேட்ச் எண்ணைக் கேட்பார்கள்.

சீட்டில்லாமல் எச் மருந்து விற்பது, செட் கட்டித் தருவது, மருந்தாளுநர் இல்லாமல் கடை நடத்துவது ஆகியவை குறித்துப் புகார் போக வேண்டிய இடம் உங்கள் மண்டலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகம். நகல் சென்னை தேனாம்பேட்டை, அண்ணா சாலை, டி.எம்.எஸ். வளாகத்தில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநருக்கு. கடையின் பெயர், உரிம எண், நாள், நேரம், வாங்கியது என்ன என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, உறையின் படத்தையும் பணம் அனுப்பிய பதிவையும் இணைத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழிப் புகார் வேண்டாம். அது அலுவலக வாசலிலேயே செத்துப்போகும். 30 நாட்களில் அசைவு இல்லையென்றால் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அதே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்வி அனுப்புங்கள்: என் புகாரின் மேல் எந்தத் தேதியில் ஆய்வு நடந்தது, ஆய்வறிக்கையின் நகல் தருக, கடந்த ஓராண்டில் இந்தக் கடை எத்தனை முறை சோதிக்கப்பட்டது. பதிலுக்கு 30 நாள் கெடு. வராவிட்டால் அந்தக் கெடு முடிந்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.