மாரிக் காய்ச்சலுக்கு யார் பெயர் வைப்பது?

2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயலோடு வந்த மழை யாழ்ப்பாணக் குடாநாட்டை வெள்ளக்காடாக்கியது. தண்ணீர் வற்றத் தொடங்கிய டிசம்பர் மாதத்தில், காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வைத்தியசாலைக்கு வந்த சிலர் அடுத்தடுத்து இறந்தார்கள். மாதத்தின் நடுப்பகுதிக்குள் மரணங்கள் ஏழாகிவிட்டன. நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்ததால் ஏதோ சுவாசத் தொற்று என்ற பேச்சுத்தான் முதலில் பரவியது. செய்திகளில் அது ‘மர்மக் காய்ச்சல்’ ஆனது. மர்மம் உடைந்தது நோயாளியின் கட்டிலருகே அல்ல. கொழும்பு பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பிய குருதி மாதிரிகளில்தான். வந்த விடை எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து காலிலுள்ள கீறல் வழியே உடலுக்குள் போகும் லெப்டோஸ்பைரா என்ற பற்றீரியா அதற்குக் காரணம். இருமலிலோ தும்மலிலோ அது தொற்றாது. காலத்தோடு கொடுத்தால் பெனிசிலினுக்கும் டொக்சிசைக்கிளினுக்கும் அடங்கிவிடும்.

இதை வைத்தியர்களின் தோல்வி என்று சொல்ல முடியாது. பருவம்தான் இங்கே ஆளை ஏமாற்றுகிறது. யாழ்ப்பாண நகரின் ஓரத்திலுள்ள கொழும்புத்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் கடல்நீரேரி, மறுபுறம் அரியாலை, செம்மணிப் பக்கத்து வயல்வெளி, நடுவே நெருக்கமான குடிமனைகள். ஐப்பசியில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை இந்த ஒரே ஊருக்குப் பல நோய்களை ஒன்றாகக் கொண்டுவருகிறது. இலங்கையில் இன்புளுவன்சா ஆண்டுக்கு இரண்டு முறை தலைதூக்கும். அதில் ஒன்று நவம்பரிலிருந்து ஜனவரி வரை. குடாநாட்டில் டெங்கு உச்சத்துக்குப் போவதும் அதே மாதங்களில்தான். வயலில் இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து. தை பிறந்து பனி இறங்கினால் முட்டு வருத்தக்காரருக்கு இழுப்பு. முதல் இரண்டு நாளில் இவர்களில் பெரும்பாலானோர் சொல்லப்போவது ஒன்றுதான்: காய்ச்சல், உடம்பு உளைவு, தலையிடி, கொஞ்சம் இருமல். ‘மாரியில் இது வழமைதானே’ என்ற எண்ணம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அந்த எண்ணம் தவறும் நாளில் அதே பழக்கம்தான் ஆளைக் கொல்கிறது. ஊகத்தை நாள்தோறும் சோதித்துப் பார்க்க வைத்தியசாலைக்குள் ஒரு இடம் வேண்டும். ஆய்வுகூடத்தின் முதன்மையான பணி அதுவே. நோயைக் ‘கண்டுபிடிக்கும் இயந்திரம்’ என்று அதை நினைப்பது தவறு.

தவறு என்பதற்குக் காரணம் இருக்கிறது. எந்தச் சோதனையும் கேட்ட கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். அதுவும் கேட்க வேண்டிய நாளில் கேட்டால்தான். டெங்கு வைரசின் என்எஸ்1 புரதம் காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில் குருதியில் பிடிபடும். அதற்குப் பிறகு உடல் உருவாக்கும் எதிருடலைத்தான் தேட வேண்டும். எலிக்காய்ச்சலிலும் இதே கதைதான்: முதல் வாரத்தில் பற்றீரியாவின் மரபணுவைப் பீசீஆர் முறையில் குருதியில் காணலாம், எதிருடல் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். மூன்றாம் நாளில் எதிருடல் சோதனை செய்து ‘இல்லை’ என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளாகாது; கேட்ட நேரம் பிழை. இன்புளுவன்சாவுக்குக் குருதி பயன்படாது, மூக்கின் பின்புறத்திலிருந்து பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்க வேண்டும். காசநோய்க்கு எச்சில் போதாது, நெஞ்சிலிருந்து காறிய சளி வேண்டும். ஆகவே காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள், நோயாளி வயலில் இறங்கினாரா, ஏற்கெனவே அன்ரிபயோட்டிக் குடித்தாரா என்று வைத்தியர் கோரிக்கைப் படிவத்தில் எழுதும் இரண்டு வரி, நோயறிதலின் பாதி. அந்த இடத்தை வெறுமையாக விட்ட படிவங்களோடு மல்லுக்கட்டாத ஆய்வுகூடம் நாட்டில் இருக்காது.

மலிவான சோதனை ஒன்றுக்கு இந்த இடத்தில் மரியாதை செய்ய வேண்டும். முழுக்குருதி எண்ணிக்கை எந்தக் கிருமியின் பெயரையும் சொல்லாது. ஆனால் ஒரே நோயாளியில் அதைத் திரும்பத் திரும்பச் செய்தால் நோய் போகும் திசையைக் காட்டும். டெங்கில் குருதிச் சிறுதட்டுகள் இறங்க இறங்க, செங்குழியக் கனவளவு ஏறினால், குருதிக்குழாயிலிருந்து நீர் வெளியே கசிகிறது என்று அர்த்தம். அந்த நீர் நெஞ்சறைக்குள் சேரும்போது நோயாளிக்கு மூச்சு வாங்கும். பார்ப்பவருக்கு அது நியூமோனியா போலத் தெரியலாம். நியூமோனியா என்று நினைத்து நீர்மருந்தையும் அன்ரிபயோட்டிக்கையும் ஏற்றுவதற்கும், கசிவு என்று அறிந்து மணிக்கு மணி நீரை அளந்து கொடுப்பதற்கும் இடையிலான தூரம் உயிர். அதனால்தான் மாரியில் எந்தக் காய்ச்சலுக்கும் பரசிற்றமோலைத் தாண்டி இபுபுரோஃபென், டைக்ளோஃபெனக் வகை வலிமாத்திரைகளைச் சொந்தமாக வாங்கிப் போடாதீர்கள் என்கிறார்கள். டெங்காக இருந்தால் அவை குருதிப்பெருக்கை மோசமாக்கும்.

ஆய்வுகூடத்துக்குள் இருப்பவரின் கண்ணும் அறிவும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மெலியோய்டோசிஸ் நல்ல சான்று. மண்ணிலும் வயல்நீரிலும் வாழும் ஒரு பற்றீரியா, மழையோடு மனிதருக்குள் வந்து கடும் நியூமோனியாவை உண்டாக்கும்; நீரிழிவு உள்ளவரையே அதிகம் தேடிப் பிடிக்கும். எக்ஸ்ரேயில் காசநோய் போலவும் தோன்றும். இலங்கையில் முதல் நோயாளி 1927இல் பதிவானார். பிறகு நெடுங்காலம் இந்த நாட்டில் அது அபூர்வம் என்றே கருதினார்கள். நோய் அபூர்வமாக இருந்ததில்லை, தேடியவர்கள்தான் அபூர்வம். குருதியை வளர்ப்புச் சோதனைக்குப் போட்டால் முளைக்கும் அந்தக் கிருமியை, வெளியிலிருந்து வந்து கலந்த அழுக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. இந்த நூற்றாண்டில் ஆய்வுகூடங்கள் அதை அடையாளம் காணப் பயிற்சி பெற்ற பிறகே தீவின் பல பாகங்களிலிருந்தும் நோயாளிகள் தெரியவந்தார்கள். பெயர் தெரிவது இங்கே வெறும் அறிவுத்தாகம் அல்ல. கடும் நெஞ்சுத் தொற்றுக்கு வழமையாக ஏற்றும் செஃப்ட்ரையக்சோனை நம்பி மெலியோய்டோசிசை விட்டுவிட முடியாது. செஃப்டசிடைம் அல்லது மெரோபெனெம் வேண்டும். அதன்பின் மாதக்கணக்கில் மாத்திரை.

இதற்கு மூத்த வைத்தியர்கள் சொல்லக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. ‘தடிமனுக்கும் இருமலுக்கும் ஏன் சோதனை? நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டாலே போதுமே.’ பெரும்பகுதி சரி. நூறு தடிமனில் தொண்ணூறுக்கு மேல் தானாக மாறும். அவர்களுக்கெல்லாம் சோதனை எழுதுவது பணத்துக்கும் கேடு, ஆய்வுகூடத்துக்கும் கேடு. தனியார் ஆய்வுகூடத்தில் நீளப் பட்டியலாகக் குருதி கொடுத்துவிட்டு, முடிவுத் தாளோடு வைத்தியரைத் தேடும் பழக்கத்தையும் நான் ஆதரிக்கவில்லை. யாரில் எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் செய்யும் சோதனை புதுக் குழப்பத்தையே தரும். இன்புளுவன்சாவுக்கான விரைவுச் சோதனைகளில் பல, உண்மையான நோயாளிகளில் மூன்றில் ஒருவரையாவது தவறவிடுபவை. ஊரெல்லாம் இன்புளுவன்சா பரவும் வாரத்தில், மூச்சு வாங்கும் கர்ப்பிணிக்கு அந்தச் சோதனை ‘இல்லை’ என்று சொன்னாலும் அனுபவமுள்ள வைத்தியர் ஒசெல்டமிவிர் மருந்தை நிறுத்தமாட்டார். முதல் 48 மணித்தியாலத்தில்தான் அது நன்றாக வேலைசெய்யும். ஆக, வைத்தியரின் கை முக்கியம் என்பதும் ஆய்வுகூடம் முக்கியம் என்பதும் எதிரெதிர் வாதங்கள் அல்ல. கருவி கேட்கும் ஓசையில் டெங்குக் கசிவும் நியூமோனியாவும் எப்போதும் பிரியாது என்பது மட்டுமே என் வாதம்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. கடும் நோயாளிக்கு முடிவு வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை, மருந்து முதலில் போகிறது. வளர்ப்புச் சோதனைக்கு ஒன்றிரண்டு நாள், கொழும்பிலிருந்து பதில் வர அதற்கும் மேல். பிறகு அந்தப் பதிலால் யாருக்கு என்ன லாபம்? 2024 டிசம்பரே இதற்கு விடை. பெயர் தெரியாத நெஞ்சு நோய் என்றால் ஊருக்குச் சொல்லக்கூடிய அறிவுரை முகக்கவசம் போடுங்கள், விலகி இருங்கள் என்பதுதான். டெங்கு என்றால் நுளம்பு பெருகும் இடங்களைத் தேட வேண்டும். எலிக்காய்ச்சல் என்று உறுதியானதும் வேலையே மாறியது: வெள்ளநீரில் கால் வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும், வயலில் இறங்குவோருக்கு முன்கூட்டியே டொக்சிசைக்கிளினும். இறந்த ஏழு பேருக்கு அந்தத் தாள் உதவவில்லை. அடுத்து இறந்திருக்கக்கூடியவர்களுக்காகவே அது வந்தது.

தாமதம் விதியும் அல்ல. 2020 மார்ச்சில் குடாநாட்டின் முதல் கொரோனாத் தொற்றாளர் அடையாளம் காணப்பட்டபோது மாதிரிகள் வெளியே போக வேண்டியிருந்தது. கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஏப்ரலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் ஆய்வுகூடம் பீசீஆர் செய்யத் தொடங்கியது. கொழும்புத்துறைக்காரருக்கு யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரி சைக்கிளில் போய்வரும் தூரம். அவருடைய குருதிக்கு மட்டும் ஏன் அந்த நெடும்பயணம் என்ற கேள்விக்கு, கருவியும் பயின்ற ஆட்களும் இங்கேயும் இருக்க முடியும் என்று அந்த ஆண்டு காட்டியது. கொரோனாவுக்காக வந்த வசதி மற்றக் காய்ச்சல்களுக்கும் மாரிதோறும் ஓட வேண்டுமானால், சோதனைப் பொருட்களுக்குத் தொடர்ச்சியாகப் பணம் வேண்டும். நெருக்கடி முடிந்ததும் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

பணத்தால் தீராத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. எலிக்காய்ச்சலை எதிருடல் வழியாக ஐயமற உறுதிசெய்ய, நோயின் தொடக்கத்தில் ஒரு குருதி மாதிரியும் ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து இன்னொன்றும் வேண்டும்; இரண்டுக்குமிடையே எதிருடல் பலமடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதல் மாதிரி கட்டிலில் எடுக்கப்படும். இரண்டாவதற்குள் ஆள் குணமாகி வீடு போயிருப்பார், வயலில் வேலை காத்திருக்கும், நன்றாக இருக்கும் உடம்பிலிருந்து ஏன் மறுபடி குருதி என்று வீட்டாரும் கேட்பார்கள். அப்படி வராமல் போனவர் பதிவேட்டில் ‘சந்தேகத்துக்குரிய நோயாளி’ என்றே நிற்பார். அவருடைய வயலில் அடுத்த மாரிக்கு யார் யாருக்கு மாத்திரை கொடுப்பது என்று கணக்குப் போடும் சுகாதார வைத்திய அதிகாரியின் கையில் இருப்பதும் அந்தப் பதிவேடுதான்.