பிரிண்டர் இருந்தும் காணவில்லை

அலகுத் தேர்வுக்கு முந்தைய நாள் மாலை. தளி ஒன்றியத்தில் நான் பணிபுரியும் பள்ளியில், கணினி ஆய்வகத்தில் தட்டச்சு செய்த வினாத்தாளை அலுவலகப் பிரிண்டரில் எடுக்க வேண்டும். எத்தனை முறை தேடியும் பிரிண்டர் எதுவும் இல்லை என்றே கணினி சொன்னது. பிரிண்டரின் ஐ.பி. எண்ணுக்குப் பிங் கொடுத்தேன், பதில் வந்தது! வழி இருக்கிறது, தேடினால் மட்டும் கிடைக்கவில்லை.

காரணம், முந்தைய வாரம் ஆய்வகத்தில் வைத்த புதிய ரவுட்டர். அலுவலகக் கருவிகள் 192.168.0 என்றும், ஆய்வகக் கருவிகள் 192.168.1 என்றும் தொடங்கும் எண்களோடு இரு தனி வலையமைப்புகளாகியிருந்தன.

தேடும் கணினிக்குப் பிரிண்டரின் முகவரி தெரியாது. வகுப்பில் "யாரிடம் ஸ்கேல் இருக்கிறது?" என்று நாம் பொதுவாகக் கேட்பதுபோல அதுவும் கேட்கிறது. எம்.டி.என்.எஸ். முறையில் இக்கேள்வி 224.0.0.251 என்ற பொது முகவரிக்கு, 5353 என்ற போர்ட்டில் செல்லும். பிரிண்டர் "நான் இருக்கிறேன்" என்று பதில் தரும். ஆனால் ரவுட்டர் வகுப்பறைச் சுவர் போன்றது. முகவரி எழுதிய கடிதத்தை அடுத்த பக்கம் சேர்க்கும். பொதுக் குரலைக் கடத்தாது. இதைக் குறை என்று சொல்ல முடியாது. எல்லாக் குரல்களும் எல்லாச் சுவர்களையும் தாண்டினால் இணையத்தில் இரைச்சல்தான் மிஞ்சும்.

வழிகள் சில உண்டு. புதிய ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக மாற்றினால் இரண்டும் ஒரே வலையமைப்பாகிவிடும். எளிய வழிதான், ஆனால் எமிஸ் விவரங்கள் உள்ள அலுவலகக் கணினியும் மாணவர்களின் தேடல் பட்டியலில் வந்து நிற்குமே என்று தயங்கினேன். லினக்ஸில் உள்ள அவாஹி போன்ற மென்பொருளை இரு வலையமைப்புகளிலும் இணைந்த ஒரு கணினியில் வைத்தால், ஒரு பக்கக் கேள்வியை மறுபக்கம் திருப்பிச் சொல்லும். ஒரு பிரிண்டருக்காக இவ்வளவு வேண்டாம் என்று, அதற்கு மாறாத ஐ.பி. எண்ணை ஒதுக்கி, ஆய்வகக் கணினிகளில் அந்த எண்ணை நேரடியாகச் சேர்த்தேன். வினாத்தாள் இரவு 7 மணிக்கு வெளிவந்தது.

பிறகு இதை எட்டாம் வகுப்பில் நடத்திக் காட்டினேன். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசும் பிள்ளைகள். கூவுவதற்கு மொழி தடையா என்ன? இரண்டு அறைகளில் பிரித்து அமர்த்தி, வாசலில் ஒரு மாணவியைத் திருப்பிச் சொல்ல நிறுத்தியதும் ஸ்கேல் கிடைத்தது. அடுத்து இன்னொரு வாசலிலும் ஒருவனை நிறுத்தினேன். அவள் சொன்னதை அவன் சொல்ல, அவன் சொன்னதை அவள் சொல்ல, மணி அடிக்கும்வரை நிற்கவில்லை. ஒரே இரு வலையமைப்புகளுக்கு நடுவே இரண்டு அவாஹிகளை வைத்தாலும் இதுதான் நடக்கும்.