உஷார்! ‘உள்ளே அதே மோட்டார்தான்’ என்றால் நம்பாதீர்கள்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் செகண்ட் ஹேண்ட் மின்சார காரோ ஸ்கூட்டரோ தேடுகிறீர்களா? “பெரிய மாடலில் இருக்கும் அதே மோட்டார்தான் இதிலும். கம்பெனிக்காரன் பூட்டி வைத்திருக்கிறான். காசு கொடுங்கள், திறந்துவிடுகிறேன்” என்று யாராவது சொன்னால் உடனே இடத்தைக் காலி செய்யுங்கள். பாதி உண்மை கலந்த பேச்சு அது. அதனால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

மஹிந்திரா பிஇ 6 காரைப் பாருங்கள். 59 கிலோவாட் மணி பேட்டரி வண்டிக்கு 170 கிலோவாட் திறன். 79 பேட்டரிக்கு 210. ஆனால் இழுவிசை இரண்டிலும் 380 நியூட்டன் மீட்டர்தான். சின்ன பேட்டரியிலிருந்து ஒரே மூச்சில் உறிஞ்சக்கூடிய மின்சாரம் குறைவு. மோட்டார் தாங்கினாலும் பேட்டரி தாங்காது.

டாடா ஹாரியர் இவி வேறு கதை. அதன் நான்கு சக்கர இயக்க வண்டியில் முன்பக்கம் தனியாக இன்னொரு மோட்டாரே இருக்கிறது. எந்த மென்பொருளும் இல்லாத மோட்டாரை வரவழைக்காது. 2019 டிசம்பரில் டெஸ்லா, மாடல் 3-இன் ஒரு வகைக்கு 2,000 டாலர் வாங்கிக்கொண்டு மென்பொருளாலேயே வேகமெடுக்கும் திறனைக் கூட்டியது உண்மை. அதைச் செய்தது, ஒவ்வொரு பாகமும் எவ்வளவு தாங்கும் என்று அறிந்த கம்பெனி. தெருமுனைக் கடைக்கு அது தெரியாது.

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் கை வைத்தால் வயர், கனெக்டர், மோட்டார் சுருள் எல்லாம் சூடேறும். பேட்டரியின் பாதுகாப்புச் சுற்றைத் துண்டித்தால் தீப்பிடிக்கவே வாய்ப்புண்டு. திறந்த சீல் வழியே நம் கடற்கரை உப்புக்காற்று புகுந்து இணைப்புகளை அரிக்கும்.

ஸ்கூட்டர் வாங்குவோர் இன்னும் கவனம்! 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டிக்குத்தான் பதிவும் லைசென்ஸும் வேண்டாம். வேகத்தைக் கூட்டிய மறுகணம் அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத வண்டி. மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி, சட்டவிரோதமாக மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதற்கெல்லாம் மேல், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, 25 கிலோமீட்டருக்கென்று செய்த பிரேக்கை நம்பி ஓட்டுவது உயிரோடு விளையாடுவது.

செய்ய வேண்டியவை:

• புது வண்டி என்றால், கூடுதல் விலை மோட்டாருக்கா, பேட்டரிக்கா, மென்பொருளுக்கா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

• பழைய வண்டி என்றால், சேஸிஸ் எண்ணைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து வேரியன்ட்டைச் சரிபாருங்கள்.

• பேட்டரியிலோ கன்ட்ரோலரிலோ சீல் உடைந்திருந்தால் வாங்காதீர்கள்.

• ஏற்கெனவே மாற்றிய வண்டி கையில் இருந்தால், ஓட்டுவதை நிறுத்திக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் சரிபார்க்கும்வரை வீட்டுக்குள்ளோ மாடிப்படிக்குக் கீழேயோ இரவில் சார்ஜ் போடவே போடாதீர்கள். நெருக்கமான நம் சந்துகளில் ஒரு வீட்டில் பற்றும் தீ ஒரு வீட்டோடு நிற்காது.