நீலத் தொட்டியில் ஒரு கரண்டி எண்ணெய்

இந்த நாளிதழைப் படித்து முடித்த பிறகு என்ன செய்வீர்கள்? வீவக புளோக்கில் வசிப்பவர் என்றால், கீழே இருக்கும் நீல மறுசுழற்சித் தொட்டியில் போடுவீர்கள். நல்ல பழக்கம். ஆனால், அது மீண்டும் காகிதமாகுமா, எரியாலைக்குப் போகுமா என்பதை நீங்கள் மட்டும் முடிவு செய்வதில்லை. உங்களுக்குப் பின் அதே தொட்டியைத் திறக்கும் அண்டைவீட்டாரும் சேர்ந்தே முடிவு செய்கிறார்.

நீலத் தொட்டிகளில் சேரும் பொருள்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு, உணவோ திரவமோ பட்டுக் கெட்டவை அல்லது மறுசுழற்சி செய்யவே முடியாதவை என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. பத்துப் பொருள்களில் நான்கு வீண். இதற்குப் பின்னால் உள்ள அறிவியலைத் தெரிந்துகொண்டால், எதை எங்கே போடுவது என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

காகிதத்துக்கும் எண்ணெய்க்கும் என்ன பகை?

காகிதம் என்பது செல்லுலோஸ் என்னும் தாவர இழைகளின் பின்னல். பழைய தாளைத் தண்ணீரில் ஊறவைத்துக் கலக்கினால், இழைகள் பிரிந்து கூழாகின்றன. கூழைப் பரப்பி, அழுத்தி, உலர்த்தும்போது இழைகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்புகள் மீண்டும் உருவாகிப் புதிய தாள் கிடைக்கிறது.

எண்ணெய் தண்ணீரோடு கலக்காது. அது இழைகளின்மேல் படலமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த இடங்களில் இழைகள் சரிவர இணைவதில்லை. தாளில் கறையும் ஓட்டையும் விழுகின்றன.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு நாளிதழ்த் துண்டின் பாதியில் சமையல் எண்ணெய் தடவுங்கள். பத்து நிமிடம் கழித்து இரு பாதிகளிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். எண்ணெய் படாத பக்கம் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். எண்ணெய் பட்ட பக்கத்தில் சொட்டு முத்துப்போல் நிற்கும். கூழ்த் தொட்டியில் நடப்பதன் சிறிய வடிவம் இதுதான்.

“சார், கூழாக்குவதற்குத் தண்ணீரில்தானே ஊறவைக்கிறார்கள்? அப்படியென்றால் நனைந்த காகிதம் ஏன் கூடாது?” வகுப்பில் இந்தக் கேள்வி வராமல் இருந்ததில்லை. சுத்தமான தண்ணீர் மட்டும் பட்டு, உடனே ஆலைக்குப் போனால் பிரச்சினை இல்லை. ஆனால் தொட்டியில் சிந்துவது பெரும்பாலும் மீந்த பபிள் டீ, தேநீர், குழம்பு. நம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அந்தச் சர்க்கரையும் உணவும் பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் விருந்து. அவை இழைகளைப் பலவீனப்படுத்துகின்றன. கரப்பான்பூச்சியும் வந்து சேர்கிறது.

நான்கு பொருள், ஒரே தொட்டி

காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் நான்கையும் நாம் ஒரே தொட்டியில் போடுகிறோம். அவற்றைப் பிரிக்க ஒவ்வொன்றின் இயற்பியல் பண்பும் உதவுகிறது. இரும்பு டின்களைக் காந்தம் இழுக்கும். அலுமினியத்தை அது இழுக்காது. ஆனால் வேகமாக மாறும் காந்தப்புலத்தில் அலுமினியத்துக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த விசை கேனைத் தனியே எறிந்துவிடும். இயந்திரங்கள் இருந்தாலும், நகரும் பட்டையின் ஓரத்தில் நின்று கையால் பொறுக்கும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். நாம் போடும் டயப்பரும் மீன் முள்ளும் அவர்கள் கையில்தான் படுகின்றன.

இந்த உழைப்புக்குப் பலன் உண்டு. தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதைவிட, பழைய கேனை உருக்க ஏறத்தாழ 95 விழுக்காடு குறைவான ஆற்றல் போதும்.

எல்லாக் கண்ணாடியும் ஒன்றல்ல. அடுப்பு வெப்பத்தைத் தாங்கும் கண்ணாடிப் பாத்திரம் சாதாரண போத்தலைவிட அதிக வெப்பத்தில்தான் உருகும். இரண்டும் கலந்தால், உருகாத துண்டுகள் புதிய போத்தலில் நின்று அதை உடைய வைக்கும். பீங்கானுக்கும் இதே கதைதான்.

“எல்லாம் ஒரே லாரியில்தானே போகிறது?”

இப்படிப் பலர் நினைக்கிறார்கள். நீலத் தொட்டிக்கென்று தனி லாரி வருகிறது. குப்பைக் குழாயில் போடுவது எரியாலைக்குப் போகிறது. எரிப்பதால் குப்பையின் கன அளவு சுமார் 90 விழுக்காடு குறையும். மிஞ்சும் சாம்பல் கடல்வழியே செமாக்காவ் நிரப்புநிலத்துக்குச் செல்கிறது. 1999இல் திறக்கப்பட்ட அது, இப்போதைய போக்கில் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இன்று உயர்நிலை ஒன்றில் படிக்கும் மாணவர் வேலைக்குச் சென்று சில ஆண்டுகள்கூட ஆகியிருக்காது. ஆனால் வீடுகளின் மறுசுழற்சி விகிதமோ 2023இல் வெறும் 12 விழுக்காடு.

மூன்று கேள்விகள்

எதையும் நீலத் தொட்டியில் போடும்முன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

காலியாக இருக்கிறதா? பானத்தை முழுவதும் ஊற்றிவிடுங்கள்.

சுத்தமாக இருக்கிறதா? பளபளக்கத் தேய்க்க வேண்டாம். ஒருமுறை அலசினால் போதும். அரிசி களைந்த தண்ணீரே தயிர் டப்பாவுக்குப் போதும். எண்ணெய்ப் போத்தல், நெய் டின்னுக்கு ஒரு சொட்டுச் சவர்க்காரம் விட்டுக் குலுக்குங்கள்.

ஒரே பொருளால் ஆனதா? பிரியாணியும் நாசி லெமாக்கும் மடித்துத் தரும் பழுப்புத் தாளின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும். போதாததற்கு எண்ணெயும் பட்டிருக்கும். அது குப்பைக்குத்தான். டிஷ்யூ தாள், ஸ்டைரோஃபோம் பெட்டி, ஒருமுறை பயன்படுத்தும் கரண்டி ஆகியவையும் அப்படியே. பானப் பெட்டி மட்டும் விதிவிலக்கு. காகிதம், பிளாஸ்டிக் எனப் பல அடுக்குகள் இருந்தாலும், அலசிய பெட்டியை நீலத் தொட்டி ஏற்கிறது.

பேட்டரியையும் பழைய கைப்பேசியையும் இரண்டு தொட்டியிலும் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் லாரிக்குள்ளேயே தீப்பிடிக்கலாம். அவற்றுக்குக் கடைத்தொகுதிகளில் மின்கழிவுப் பெட்டிகள் உள்ளன.

காகிதத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. நாளிதழ்களைக் கட்டி வீட்டுக்குள் உலர்வாக வைத்திருந்து, ஹார்ன் அடித்துக்கொண்டு வரும் காராங் குனிக்காரரிடம் கொடுங்கள். அடுத்தவர் ஊற்றும் தேநீர் அதில் படாது. உங்கள் புளோக்கின் நீலத் தொட்டியில் எது அதிகம் தவறாக விழுகிறது என்று இந்த வாரம் கவனித்து, அண்டைவீட்டாரிடம் அதைப் பற்றி மட்டும் பேசிப் பாருங்கள். பொதுத் தொட்டியில் ஒருவர் செய்வது எல்லாரையும் பாதிக்கும் என்றால், ஒருவர் திருந்துவதும் எல்லாருக்கும் பயன்படும்.