மடித்துப் பையில் வைக்கும் போர்க்களம்

மேசைமேல் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் கேட்கும் வழக்கமான பரப்பு 6 அடிக்கு 4 அடி. சின்னஞ்சிறு வீரர் பொம்மைகளை அணிவகுத்து நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் பார்த்து நகர்த்தும் ஆட்டம் அது. பினாங்கு மாநிலத்தின் சிம்பாங் அம்பாட்டில் தாமான் குடியிருப்பு வீடுகளில் அப்படியொரு மேசையைப் போட்டால் வரவேற்பறையில் நடக்க இடம் இருக்காது. எதிராளி ஜார்ஜ்டவுனில் இருந்தால் இன்னும் சிரமம். கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த் போய் அங்கே பெர்ரி பிடிக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் என்றால் பத்து காவானிலிருந்து இரண்டாம் பாலம், 24 கிலோமீட்டர். இரண்டு வழியிலும் 6 அடிப் பலகையைக் கொண்டுபோக முடியாது. பலகை சிறியதாக வேண்டுமானால் முதலில் அதில் கட்டம் போட வேண்டும்.

காரணம் எளிய கணக்குதான். அளவுநாடா ஆட்டத்தில் ஒரு படை 30 சென்டிமீட்டர் நகரும்போது கை 2 மில்லிமீட்டர் பிசகினால் யாரும் கவலைப்படமாட்டார்கள். அதே ஆட்டத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் நகர்வு 3 சென்டிமீட்டர். அந்த 2 மில்லிமீட்டர் பிசகு வெற்றி தோல்வியையே மாற்றிவிடும். கட்டம் போட்ட பலகையில் தூரம் முழு எண்ணாகிவிடுகிறது. "மூன்று கட்டம்" என்பது பெரிய பலகையிலும் சிறிய பலகையிலும் மூன்று கட்டமே. கட்டத்தின் அகலம் 10 சென்டிமீட்டரானாலும் 3 சென்டிமீட்டரானாலும் ஆட்டம் இம்மியும் மாறாது. காயின் அடித்தட்டு எவ்வளவு அகலம் என்பது மட்டுமே சுருக்கத்துக்கு எல்லை.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். யானை, தேர், குதிரை, காலாள் என்று ஒரு முழுப் படையையே 64 கட்டங்களுக்குள் அடக்கியது சதுரங்கம். ஆடு புலி ஆட்டத்தில் 23 புள்ளிகள், 3 புலி, 15 ஆடு. எண்ணிக்கையிலும் வலிமையிலும் சமமில்லாத இரு தரப்பும் மோதும் அந்த ஆட்டத்தை நான் அசல் போர் விளையாட்டாகவே கருதுகிறேன். மலாய்க்காரர்களின் ரிமாவ் ஆட்டமும் இதே குடும்பம். இவற்றுக்குப் பலகை சுமக்க வேண்டியதில்லை. கோட்டு வடிவம் மனத்தில் இருந்தால் கரித்துண்டால் தரையில் கீறிக்கொள்ளலாம். தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் கல்தரையில் இத்தகைய ஆட்டக் கோடுகள் இன்றும் இருக்கின்றன.

ஐரோப்பாவில் ஆட்டம் பெருத்தது. பிரவுன்ஷ்வைக் நகரத்து ஹெல்விக் 1780இல் சதுரங்கத்தை விரித்து, நிலத்தின் தன்மைக்கேற்ப நிறம் தீட்டிய கட்டங்களில் படை நடத்தும் ஆட்டத்தை வெளியிட்டார். பிரஷ்ய மன்னருக்கு 1812இல் ரைஸ்விட்ஸ் என்பவர் அளித்ததோ இழுப்பறைகள் கொண்ட ஒரு பெரிய மேசை. மலை, ஆறு, சாலை எல்லாம் தனித்தனிச் சில்லுகளாக அதில் அடுக்கப்பட்டிருந்தன. அவருடைய மகன் 1824இல் மேசையைக் கைவிட்டு, 1:8000 அளவுள்ள நிலப்படத் தாளுக்கு மாறினார். பிரஷ்ய ராணுவம் முழுவதும் அந்த ஆட்டம் பரவியது அதன் பிறகுதான். தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடிந்ததற்கு அந்தப் பரவலில் பெரும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

எந்த வடிவத்தில் கட்டம் போடுவது என்பதில்தான் உண்மையான அறிவியல் இருக்கிறது.

சதுரம் வரைய எளிது. ஆனால் அதன் மூலைவிட்டம் தொல்லை தரும். பக்கவாட்டில் அடுத்த கட்டத்தின் மையம் 1 அலகு தூரம் என்றால் மூலைவழியே அடுத்த கட்டத்தின் மையம் 1.414 அலகு. இரண்டையும் ஒரே நகர்வாக எண்ணினால், குறுக்கே போகும் குதிரைப்படை அதே நேரத்தில் 41 விழுக்காடு அதிகத் தூரம் ஓடிவிடுகிறது. மூலைவழி கூடாது என்று தடுத்தால் அதே படை சுற்றிக்கொண்டு 41 விழுக்காடு கூடுதலாக நடக்க வேண்டியதாகிறது. இந்தப் பிழை ஏதாவதொரு பக்கம் தலைகாட்டிக்கொண்டே இருக்கும்.

அறுகோணத்துக்கு ஆறு அண்டைக் கட்டங்கள். ஆறின் மையங்களும் ஒரே தூரத்தில் இருக்கின்றன. அதிலும் பிழை உண்டு. இரு அண்டைக் கட்டங்களுக்கு நடுவே உள்ள திசையில் போனால், இரண்டு நகர்வில் கடப்பது 2 அலகு அல்ல, 1.732 அலகுதான். கணக்குப் போட்டால் பிழை அதிகபட்சம் 15 விழுக்காடு. சார்லஸ் ராபர்ட்ஸ் நடத்திய ஆவலான் ஹில் நிறுவனம் 1958இல் சதுரக் கட்டங்களோடு வெளியிட்ட 'கெட்டிஸ்பர்க்' ஆட்டத்தை 1961இல் அறுகோணத்துக்கு மாற்றியது. அதன் பிறகு அறுகோணம் இத்துறையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. வாடகைக் கார் நிறுவனமான ஊபர் நகரங்களைப் பகுத்துப் பார்க்க 2018இல் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட எச்3 என்னும் முறையும் அறுகோணமே.

ஆனால் நூற்றுக்கணக்கான அறுகோணங்களைக் கையால் வரைவது வேதனை. இதற்கு அழகான ஒரு குறுக்குவழி இருக்கிறது: செங்கல் சுவர். ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையிலிருந்து அரைக் கட்டம் தள்ளி வரைந்தால் போதும். ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் இரண்டு, மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஆறு அண்டைக் கட்டங்கள் கிடைத்துவிடும். உயரத்தை அகலத்தின் 0.866 பங்காக வைத்தால் மையங்களுக்கு இடையிலான தூரமும் அறுகோணத்தில் உள்ளதைப் போலவே சமமாகிவிடும். பித்தாகரஸ் தேற்றத்தில் 0.5, 0.866 இரண்டையும் போட்டுப் பாருங்கள், விடை 1. அகலம் 6 சென்டிமீட்டர் என்றால் உயரம் 5.2 சென்டிமீட்டர். வரிசைக்கு 9 கட்டம், மொத்தம் 8 வரிசை வரைந்தால் அகலம் 57 சென்டிமீட்டர், உயரம் 41.6 சென்டிமீட்டர். ஓர் ஏ2 தாளுக்குள் அது அடங்கிவிடும்.

72 கட்டம் போதுமா என்று கேட்பவர்களுக்குப் பினாங்கின் கதையையே பதிலாகத் தரலாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபர் 28 விடியலுக்கு முன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஆங்கிலேயக் கப்பலைப் போலத் தோன்றுவதற்காக நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தியிருந்தது. நங்கூரமிட்டிருந்த ரஷ்யக் கப்பல் ழெம்சூக்கின் தளபதி அப்போது கரையில் இருந்தார். ஏறத்தாழ 300 மீட்டர் தூரத்திலிருந்து எம்டன் நீர்மூழ்கிக் குண்டை ஏவியது. ழெம்சூக் மூழ்கியது, 80க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள். வெளியேறும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது.

இப்போது கட்டத்துக்கு வருவோம். ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையில் நீரிணை சுமார் 3 கிலோமீட்டர். ஒரு கட்டத்தை 350 மீட்டராக எடுத்துக்கொண்டால் 9 கட்டத்தில் கரையிலிருந்து கரை வந்துவிடும். எம்டனின் உச்ச வேகம் மணிக்கு 23.5 கடல் மைல், அதாவது நிமிடத்துக்கு 725 மீட்டர். ஒரு முறைக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் முழு வேகத்தில் 2 கட்டம், பாதி வேகத்தில் 1 கட்டம். நீர்மூழ்கிக் குண்டு புறப்பட்ட தூரம்? பக்கத்துக் கட்டம். எதிரி அவ்வளவு அருகில் வரும்வரை எவரும் கண்டுகொள்ளவில்லை என்ற உண்மை, இந்தப் பலகையில் காய்களை நிறுத்தும்போது நெஞ்சில் தைக்கிறது. வரலாற்றுப் பாடப் பக்கத்தில் எனக்கு அது தைத்ததில்லை.

பலகை எதில் செய்வது? பினாங்கின் காற்றில் ஈரம் அதிகம். அட்டையின் ஒரு முகத்தில் மட்டும் பிளாஸ்டிக் உறை ஒட்டினால், மூடாத முகம் ஈரத்தை உறிஞ்சி விரியும், மூடிய முகம் விரியாது, பலகை வளைந்துவிடும். இரு முகத்திலும் ஒரே மாதிரி ஒட்ட வேண்டும். மடிக்கும் பலகை என்றால் மடிப்பு எங்கே விழுகிறது என்று பாருங்கள். செங்கல் கட்டத்தில் செங்குத்துக் கோட்டில் மடித்தால் ஒன்றுவிட்ட வரிசைகளில் கட்டம் நடுவே பிளந்து காய் சாய்ந்து நிற்கும். கிடைக்கோட்டில் மடித்தால் ஒரு கட்டமும் பாழாகாது. பேனர் அச்சிடும் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் துணி மலிவு. அதைப் படம் வெளியே தெரியும்படி சுருட்டுங்கள். விரிக்கும்போது ஓரங்கள் மேலே சுருளாமல் மேசையை நோக்கிக் குனியும். கணினி மவுஸ் விரிப்புகளில் வரும் நியோபிரீன் இவை எல்லாவற்றிலும் சிறந்தது. மடிப்புத்தடம் விழாது, வழுக்காது. விலைதான் சற்று அதிகம்.

என் தேர்வு, பேனர் துணியில் அச்சிட்ட 9 × 8 செங்கல் கட்டம். தோளில் மாட்டும் பையில் அது அடங்கும், மழையிலும் நனைந்து கெடாது. பொம்மை வாங்க வசதியில்லையா, சட்டைப் பொத்தான்களே கப்பல்களாகட்டும். செபராங் பிறையின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு சனிக்கிழமை காலையில் மாணவர்களை உட்கார வைத்து, அளவுகோலும் பென்சிலும் கொடுத்து இந்தக் கட்டத்தை அவர்களையே வரையச் சொல்லுங்கள். 0.866 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பிறகு எம்டனை வடக்கு வாயிலில் நிறுத்தி, துறைமுகத்தைக் காப்பாற்றும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள்.